பாப்பாவின் நூற்று முப்பத்தெட்டு

பிப்ரவரி 3

எங்கள் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைப்பதில்லை. ஏழைப் பிள்ளைகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவர்களைச் சூளையிலேயே விட்டுவிட்டு வருகிறது. அந்தப் பொறுக்குகிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

உளவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் இதில் சேர்ந்தேன். திருவள்ளூரில் ஒரு அறை. காலையில் அலுவலகம், மதியத்துக்கு மேல் பஸ் பிடித்துச் செங்கல் சூளைக்குப் போவது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் மாலை வகுப்பு. வகுப்பு ஒரு சாக்கு. என் பையில் இருக்கும் மரக்கட்டைகளும் படஅட்டைகளும் ஸ்டாப் வாட்ச்சும்தான் விஷயம். ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து அறிவுத்திறன் சோதனை செய்ய வேண்டும். நூற்று முப்பதுக்கு மேல் வாங்குகிற பிள்ளைக்கு மலைமேல் இருக்கிற தங்கிப் படிக்கும் பள்ளியில் பன்னிரண்டாவது வரை இடம். சாப்பாடு, துணி, எல்லாம்.

நூற்று இருபத்தொன்பது வாங்கினால்? பத்மநாபன் சாரிடம் கேட்டேன். அவர் எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "எங்கேயாவது கோடு போட்டுத்தானேம்மா ஆகணும்" என்றார். கோடு போடுகிறவர்கள் யாரும் கோட்டுக்குக் கீழே நின்று பார்த்ததில்லை.

பிப்ரவரி 6

இன்று நான்கு பிள்ளைகள். சோதனையில் ஒரு கேள்வி: மழை பெய்தால் நமக்கு என்ன நன்மை? பயிர், குடிநீர், குளிர்ச்சி, இவற்றில் ஏதாவது சொன்னால் மதிப்பெண். நான்கு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நன்மையே இல்ல டீச்சர். பச்சைக்கல்லு கரைஞ்சிடும். அப்பா திரும்பியும் அறுக்கணும்."

மண்ணைக் குழைத்து அச்சில் வைத்துக் கல் ஆக்குவதை இங்கே அறுப்பது என்கிறார்கள். வேகவைக்காத கல் பச்சைக்கல். இரவு மழை பெய்தால் காலையில் திடலெல்லாம் சேறுதான்.

நான்கு பேருக்கும் பூஜ்யம் போட்டேன். விதி அப்படி. இந்தச் சோதனையை எழுதியவன் வீட்டுக்கூரை ஒழுகியே இருக்காது.

பிப்ரவரி 11

இன்றைய பிள்ளை ரோஷிணி. பள்ளிப் பதிவின்படி ஏழு வயது. வந்தவாசிப் பக்கத்து இருளர் குடும்பம். ஒல்லி, தலையில் செம்மண். "ரோஷிணி" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த பையன் முழங்கையால் இடித்து, "ஏய், உன்னத்தான்டி" என்ற பிறகுதான் எழுந்து வந்தாள். 'கவனம் சிதறுகிறது' என்று குறித்துக்கொண்டேன்.

மரக்கட்டையைக் கையில் கொடுத்ததும் முகர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இத யாரு அறுத்தா?"

"மெஷின்."

"ஓரம் ஒண்ணுகூட ஒடையல. கெட்டிக்கார மெஷினு."

பிறகு அடுக்க ஆரம்பித்தாள். அட்டையில் இருக்கும் வடிவத்தைப் பார்த்துக் கட்டைகளை அதேபோல் சேர்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் ஒரு கட்டையை வைத்துப் பார்ப்பார்கள், எடுப்பார்கள், திருப்புவார்கள். இவள் அட்டையை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் பார்க்கவே இல்லை. கை தானாகப் போனது. ஸ்டாப் வாட்ச்சை நிறுத்த மறந்துவிட்டேன்.

இந்தச் சோதனையில் பிள்ளை செய்ததை அதே வயதுப் பிள்ளைகள் பொதுவாகச் செய்வதோடு ஒப்பிட்டுத்தான் எண் வரும். நூறு என்றால் வயதுக்குச் சரி. கூட்டிப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் கூட்டினேன்.

நூற்று முப்பத்தெட்டு.

பிப்ரவரி 12

கேஸ் தீர்ந்துவிட்டது. அவல் ஊறவைத்துச் சாப்பிட்டேன். நூற்று முப்பத்தெட்டு.

பிப்ரவரி 20

இவள் என்னைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள். சோதனையில் இரண்டு பொருள்களைச் சொல்லி, இரண்டும் எப்படி ஒன்று என்று கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. வகுப்புக்குள் நுழையும்போதே வாசலில் மறித்தாள்.

"டீச்சர், இட்லியும் செங்கல்லும் எப்டி ஒண்ணு?"

யோசித்தேன். அதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டும் அச்சுல ஊத்தி வேகவைக்கறது. தோசையும் செங்கல்லும்?"

"ரெண்டும் சூடா இருக்கும்."

"அய்ய! ரெண்டும் திருப்பிப் போடலன்னா ஒரு பக்கம் பச்சையா இருக்கும்."

காய்கிற கல்லைத் திருப்பிப் போடுவது இங்கே சின்னப் பிள்ளைகளின் வேலை. விடியும் முன்பே எழுந்து திருப்புகிறார்கள். அந்த நேரத்தில்தான் இவள் இதையெல்லாம் யோசிக்கிறாள் போலிருக்கிறது. ஏழு வயது! எனக்கு ஏழு வயதில் மூக்கைச் சிந்தத் தெரியாது என்று அம்மா சொல்லுவாள்.

இவளை நான்தான் கண்டுபிடித்தேன். இதை எழுதிவைக்கிறேன், நாளை யாரும் மறுக்கக் கூடாது.

பிப்ரவரி 27

பத்மநாபன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வான்மதி, சூளையில முத்து எடுத்திருக்கேம்மா!" போட்டோ வேண்டுமாம், பின்னணியில் புகைபோக்கி தெரிய. பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் மண் இருந்தால் நல்லதாம். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். இடம் கிடைக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்தால் அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போன். ஒரு வரன் வந்திருக்கிறதாம். பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். மனுஷியை எட்டு, ஏழு என்று எண்ணாக்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். "உன் படிப்புக்குத்தான் வாய் இம்புட்டு நீளுது தாயி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 9

அவள் அம்மாவிடம் சொல்லப் போனேன். அஞ்சலை. முப்பது வயதுகூட இருக்காது, முழங்காலில் கைவைத்துத்தான் எழுகிறாள். கல் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேஸ்திரி தணிகாசலம் பீடியோடு நின்றார்.

"உங்க பொண்ணுக்கு நூத்தி முப்பத்தெட்டு வந்திருக்கும்மா."

அஞ்சலை பயந்து போய் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி கேட்டார்: "நூத்தி முப்பத்தெட்டா? இன்னா டீச்சர், சுகரா? வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா?"

"சுகர் இல்லண்ணே. அறிவு."

"அறிவுக்கு எதுக்கு மீட்டரு? அது ராங்கி பண்றத வச்சே தெரியுமே. போன வாரம் என்னையே கேக்குது, நீ ஏன் அறுக்க மாட்டன்ற, உனுக்குக் கை இல்லியான்னு." அவரே சிரித்துக்கொண்டு போனார்.

பள்ளியைப் பற்றி எல்லாம் விளக்கினேன். பன்னிரண்டாவது வரைக்கும், பிறகு காலேஜ். இனி அவள் கல் தொட வேண்டியதில்லை. அழுவாள், காலில் விழுவாள், தடுக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அஞ்சலை கையிலிருந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள்.

"பவுனுவுக்கா?"

"ரோஷிணிக்கு."

"ஆமா, ஆமா. ரோஷிணி. வூட்ல பவுனுன்னு கூப்புடறது." பிறகு, "அந்த ஸ்கூல்ல டாக்டர்லாம் வச்சிப் பாப்பாங்களா டீச்சரம்மா? ஒடம்பு, பல்லு?"

எவ்வளவு காலம் அடக்கிவைத்திருந்தால் நல்ல செய்திக்கும் இப்படிப் பயப்படுவார்கள்! வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மார்ச் 18

இன்றைய கேள்வி: "நானும் பாப்பாவும் எப்டி ஒண்ணு?"

"எந்தப் பாப்பா?"

"எங்க பாப்பா."

அவளுக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை. ஏதோ பொம்மை என்று நினைத்து, "ரெண்டு பேருக்கும் ரெண்டு கண்ணு" என்றேன்.

"இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

"பொம்மைக்கும் ரோஷிணின்னு பேர் வெச்சியா?"

மூக்கைச் சுருக்கி, "விடுங்க டீச்சர், இது உங்களுக்குக் கஷ்டம்" என்றாள்.

திமிர். எனக்குப் பிடித்த திமிர்.

மார்ச் 22

துவைத்துக் காயப்போட்டேன். பக்கத்து ஆலைப்புகை படிந்து மறுபடியும் துவைத்தேன். மாலையில் ரோஷிணிக்காக ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பழைய கடையில் வாங்கினேன். இப்போதே சிலது போடுவாள்.

மார்ச் 26

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். அதற்குள் நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பினாள். பல். முன்பல் இல்லை, கடைவாய்ப் பல்.

"கூர மேல போடணும் டீச்சர். ஆஸ்பெஸ்டாஸ் கூரன்னா மொளைக்குமா?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. குழந்தை வளர்ச்சி எனக்கு ஒரு முழுப் பாடம். எந்தப் பல் எந்த வயதில் விழும் என்று மனப்பாடமாக எழுதித் தேறியவள் நான். கடைவாயில் பால்பல் ஏழு வயதில் விழாது. முன்பற்களைப் பார்த்தேன். மேலும் கீழும் அகலமாக, முழுதாக, ஓரம் தேய ஆரம்பித்து.

பல் விஷயத்தில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். அதுவும் பாடத்தில் உண்டு.

மார்ச் 28

வேறுபடவில்லை.

உச்சி வெயிலில் போனேன். அஞ்சலை வேலையை நிறுத்தாமலே பேசினாள். மண்ணை உருட்டி அச்சில் அடிப்பாள், வழிப்பாள், கவிழ்ப்பாள், ஒரு வாக்கியம் சொல்லுவாள்.

"மொதப் புள்ள இவதான் டீச்சரம்மா. பவுனு. சூளையிலதான் பொறந்தா, இதே மாரி ஒரு கொட்டாய்ல. சீட்டு ஏது? ரெண்டாவது ஆஸ்பத்திரில பொறந்துச்சி. நர்ஸம்மாவே பேரு வச்சாங்க, ரோஷிணின்னு. பொறப்பு சீட்டும் குடுத்தாங்க. தவழ்ற வயசுல அதுக்கு ஜொரம். அப்ப வேற சூளை, வேற மேஸ்திரி. சூளைக்கு நெருப்பு வச்சிட்டு யாரும் வெளிய போவக் கூடாதுன்னுட்டாரு. போனப்புறம் விட்டாரு."

"எங்க போனப்புறம்?"

"புள்ள போனப்புறம்."

அச்சைக் கவிழ்த்தாள்.

"இவள ஸ்கூல்ல சேக்கப் போனன். சீட்டு இருந்தாத்தான் பேரு எழுதுவன்னுட்டாங்க. இருக்கறவளுக்கு சீட்டு இல்ல. சீட்டு இருக்கறவ இல்ல. நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

அடுத்த கல் கவிழும்வரை காத்திருந்து கேட்டேன்.

"பவுனுவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ரோஷிணின்னு கூப்ட்டா நீதான் எந்திரிக்கணும்டின்னு சொல்லித்தான் அனுப்பனன். மொத நாளு ஒரே அழுகை. பாப்பா வந்து பேரத் திருப்பிக் கேட்டா இன்னா பண்றதுன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மண் அப்பிக்கொண்டது. "இத யார்கிட்டயும் சொல்லிடாத டீச்சரம்மா. உன் கால்ல வுழறன்."

உண்மையில் விழப் பார்த்தாள். எழுப்பிவிட்டு வந்தேன்.

இரண்டாவது குழந்தை பிறந்தபோது பவுனு நடந்துகொண்டிருந்தாளாம், நன்றாகப் பேசினாளாம். அப்படியானால் இப்போது ஒன்பது முடிந்திருக்கும்.

மார்ச் 30

அவள் செய்த அதே சோதனை. அதே கட்டைகள், அதே பதில்கள். ஒன்பது வயது கடந்த பிள்ளையின் கணக்கில் வைத்துப் பார்த்தேன்.

நூற்றேழு.

நூற்றேழு நல்ல எண்தான். வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்காரும் பிள்ளைகளின் எண். ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. நான்காம் வகுப்புக் கணக்குப் போதும். வயதுக்கேற்றதைக் கொடுப்பதுதான் முறை.

ஏப்ரல் 4

அம்மா போன். வரன் வீட்டார் ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்க்கப் போகிறார்களாம்.

"ஒண்ணு சொல்றேன், கோவிக்காத தாயி. நீ மூல நட்சத்திரம். அதைக் கேட்டாலே ஓடிப் போயிருறாய்ங்க. நீ பொறந்தன்னைக்கே நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வேற நட்சத்திரமாத்தான் எழுதிவச்சேன். ஆரும் கேட்டா அதையே சொல்லு."

"இது ஏமாத்து வேலை இல்லையாம்மா?"

"எதுடி ஏமாத்து? பொட்டப்பிள்ளைக்கு ஒரு வழி தொறந்துவிடுறது ஏமாத்தா? உன்னைய மாதிரி நாலு எழுத்துப் படிச்சிட்டா பெத்தவ வயிறு தெரியாதா?"

சிரித்துவிட்டேன். என்னவோ செய்துகொள் என்றேன். ஜாதகம் போன்ற முட்டாள்தனத்தில் உண்மை என்ன, பொய் என்ன.

ஏப்ரல் 9

வெயில். கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. ரோஷிணி என் பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், மின்ன நீங்க வரப்ப இந்தக் கல்லடுக்கு நெழலு தண்ணித் தொட்டியத் தொட்டுனு இருக்கும். இப்பயும் அதே பஸ்ஸுலதான் வரீங்க. நெழலு இன்னும் தொட்டிகிட்டவே வர்ல. பஸ்ஸு சீக்கிரம் வருதா, சூரியன் லேட்டா போவுதா?"

ஒன்பது வயதில் இந்த அளவு கவனிப்பு இருக்கக்கூடியதுதான். வாயாடித்தனமும் கொஞ்சம் கூடிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

இன்று அவள் அதை மறுபடி கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 16

பத்மநாபன் சாரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரமாக யோசித்தேன். மலைப்பள்ளியில் மருத்துவப் பரிசோதனை உண்டு, அங்கே தெரிந்தால் அசிங்கம். என் கையெழுத்துப் போட்ட முடிவு தவறு என்று தெரிந்தபின் அதை அப்படியே விடுவது தொழில் நேர்மை ஆகாது. இன்னொன்றும் நினைத்தேன். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை, செத்த தங்கையின் பேரில் பள்ளிக்குப் போகிற பிள்ளை, இவ்வளவுக்கு இடையிலும் சராசரிக்கு மேலே நிற்கிறாள் என்றால் அவளுக்குத்தானே முதலில் இடம் தர வேண்டும்? அதை அவரிடம் நன்றாகவே வாதிட்டேன். மேஜையில் தட்டிக்கூடப் பேசினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஏம்மா எங்கிட்ட வந்து சொன்னே?"

"உண்மை சார்."

"எனக்குத் தெரியாம இருந்திருந்தா ஜூன்ல அந்தப் பொண்ணைக் கார்ல ஏத்தி அனுப்பியிருப்பேனே. அங்க அவ நல்லாப் படிச்சாப் படிச்சுட்டுப் போறா. எந்த டாக்டரும்மா பல்லை எண்ணிட்டு இருக்கான்? இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் நூத்தி ஏழுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்லு."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்ல பொண்ணும்மா நீ" என்றார். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோழை. கையில் பேனாவை வைத்துக்கொண்டே கை கட்டுண்டு கிடக்கிறது என்கிறார்.

ஏப்ரல் 17

நான் செய்தது சரி.

ஏப்ரல் 24

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"நீ சொல்லாங்காட்டி யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். தன்னைவிடப் பெரியவளைப் பார்த்துக் கேட்பதுபோல மெதுவாக. பிறகு அச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது, நானே தாலுகா அலுவலகத்துக்கு வருகிறேன் என்றேன். "எதுக்கு?" என்றாள். விண்ணப்பத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மே 5

ரோஷிணி வகுப்பில் இல்லை. கேட்டதற்குப் பிள்ளைகள் கைகாட்டினார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் பலகை, பலகையில் பச்சைக்கல். நடந்துகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது.

மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். ஏழு வயதுப் பிள்ளையைச் சுமக்கவைக்கிறீர்களா, போலீஸுக்குப் போவேன் என்றேன்.

"ஏழா?" தணிகாசலம் காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "உங்க ஆபீஸு சாரு, அஞ்சலகிட்ட குடுத்த புள்ள போட்டோவைத் திருப்பி வாங்க வந்தப்ப சொல்லிட்டாரே, ஒம்போது முடிஞ்சிடுச்சின்னு. இத்தினி வருசமா சின்னப் புள்ள, சின்னப் புள்ளன்னு சொல்லித் திருப்பற வேலையிலயே ஏமாத்திட்டா அஞ்சல. ஒம்போது வயசுக்கு இங்க எல்லாப் புள்ளயும் தூக்குது. போலீசா? கூப்புடுங்க. எல்லாப் புள்ளையயும் சேத்துக் கூப்புடுங்க. எல்லாம் ஊருக்குப் போவட்டும், வாங்கன முன்பணத்த நீங்க கட்டுங்க."

தொழிலாளர் துறைக்குப் போன் செய்தேன். எழுதிக்கொண்டார்கள். என் பெயர், அப்பா பெயர், வயது.

அவளைப் பள்ளியில் சேர்ப்பதற்காகத்தான் அஞ்சலை வயதைக் குறைத்தாள் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு வருடம் பிள்ளையின் தலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

மே 7

சோறு குழைந்துவிட்டது. கொட்டினேன்.

மே 19

தொழிலாளர் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம், நான் இல்லாதபோது. பிள்ளைகளெல்லாம் அன்று கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து ஆனா ஆவன்னா படித்தார்களாம். எங்கள் கொட்டகைதான். எங்கள் பலகைதான். வகுப்பு சிறப்பாக நடப்பதாக எழுதிக்கொண்டு போனார்களாம்.

மே 28

அம்மா போனில் சிரிக்கிறாள். ஜாதகம் பொருந்திவிட்டதாம்.

ஜூன் 6

கோடை மழை வந்துவிட்டது. திடல் சேறு. இந்த வருட அறுப்பு முடிந்தது. குடும்பங்கள் ஊருக்குக் கிளம்புகின்றன. நாளை வந்தவாசிப் பக்கம் லாரி போகிறது என்று கொட்டகைப் பையன் சொன்னான். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்தேன்.

ஜூன் 7

லாரியில் பாதி ஏறிவிட்டார்கள். பானை, பாய், கோழிக்கூடை. அஞ்சலை என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் மூட்டையைக் கட்டினாள். பிள்ளை லாரியின் சக்கரத்துக்கு அருகே ஒரு பச்சைக்கல்லின்மேல் நின்றிருந்தாள். உச்சந்தலையில் வட்டமாக முடி தேய்ந்திருந்தது.

புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் புரட்டினாள். நடுவில் ஒரு பக்கத்தில் விரல் வைத்து நின்றாள். பிறகு மூடி, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பல்லாம் எனக்கு ஈஸியாத்தான குடுப்பீங்க."

"இல்ல ரோஷிணி..."

"டீச்சர், ஒரு கேள்வி. நா அன்னிக்கிக் கட்டைய அடுக்கனேன் இல்ல? அதுக்கப்புறம் அடுக்கவே இல்ல. கட்ட அப்டியே உங்க பையில கீது. நானும் அப்டியே கீறன். நூத்தி முப்பத்தெட்டு மட்டும் எப்டி டீச்சர் போச்சி?"

வயதோடு ஒப்பிடுவது, சராசரி, விதி என்று ஏதோ ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். நான் முடிக்கும் முன்பே முடித்துவிட்டாள்.

"அப்ப பாப்பா வயசுக்கு அது வந்துச்சி. அடுக்கனது நானு, வயசு பாப்பாவோடது. அதான?"

"ஆமா."

"அப்ப பாதி பாப்பாவோடது."

எம்.எஸ்சி.யில் அதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆயிற்று.

டிரைவர் ஹாரன் அடித்தான். "பவுனு, ஏறுடி!" என்று அஞ்சலை மேலிருந்து கத்தினாள். அந்தப் பேருக்கு அவள் உடனே திரும்பினாள். ஒரே தடவையில். பிறகு ஏறாமல் என்னிடமே திரும்பி நின்றாள்.

"பேரு பாப்பாவோடது, சீட்டு பாப்பாவோடது. நூத்தி முப்பத்தெட்டையும் பாப்பாவே வச்சிக்கட்டும், நா கேக்கல. எனக்குன்னு நீங்க போட்டுப் பாத்தீங்க இல்ல? என்னோடது எவ்ளோ டீச்சர்?"

எண் எனக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும்.

மறுபடியும் ஹாரன். யாரோ அவளைக் கக்கத்தில் பிடித்து மேலே தூக்கினார்கள். லாரி சேற்றில் ஒருமுறை வழுக்கி, பிடித்துக்கொண்டு நகர்ந்தது. பின்பலகைக்கு மேலே அந்தத் தேய்ந்த தலை மட்டும் தெரிந்தது. கத்தினாள்.

"பவுனுவுக்கு எவ்ளோ? சொல்லுங்க டீச்சர்! சொல்லிட்டுப் போங்க!"